ஐந்து மணி நேரம், 32 நொடி

பங்குனி அமாவாசை ராத்திரி கொல்லிமலையில் எடுத்த டைம்லாப்ஸை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டதிலிருந்து ஒரே கேள்விதான். "எந்த கேமரா?" பெரியப்பா பையனிலிருந்து பக்கத்துத் தெரு பல் டாக்டர் வரைக்கும் அதையேதான் கேட்டார்கள். பெயரைச் சொன்னதும் "ஓ, அதெல்லாம் விலை ஜாஸ்தி" என்று விட்டுவிடுகிறார்கள். அது பழைய மாடல், நானே செகண்ட் ஹேண்டில் வாங்கியது, இன்றைக்கு விற்றால் நல்ல ஃபோன் ஒன்றின் விலைகூட வராது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அன்றைக்கு அமாவாசையா, லென்ஸில் பனி பிடிக்கவில்லையா, எந்தத் திசையைப் பார்த்து வைத்தாய் என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேட்டிருந்தால் அவருக்கு முடவாட்டுக்கால் கிழங்கு சூப் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

அதனால் கேமராவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். மூன்று அமாவாசைக்கு மூன்று தடவை மலையேறி, முதல் இரண்டையும் நானே என் கையால் கெடுத்துக்கொண்ட கதை இது.

டைம்லாப்ஸ் என்றால் வீடியோ என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இல்லை, எல்லாம் போட்டோதான். கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டரை 20 நொடி திறந்து வைத்து ஒரு படம், மூன்று நொடி விட்டு அடுத்தது, மறுபடி மூன்று நொடி விட்டு அதற்கடுத்தது என்று ராத்திரி முழுக்க ஒரே இடத்தைப் பார்த்தபடி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து அவற்றை வரிசையாக அடுக்கி நொடிக்கு 24 படம் என்று ஓட்டினால் வானம் நகர ஆரம்பிக்கும். 23 நொடிக்கு ஒரு படம் என்ற கணக்கில், வீடியோவில் ஒரு நொடி போவதற்குள் மலையில் ஒன்பது நிமிடம் போயிருக்கும். ஐந்து மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் குறைவாக எடுத்தேன். சுமார் 770 படம், மொத்தம் 32 நொடி.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், முதல் படம் எடுத்த பிறகு எதையும் தொடக்கூடாது. முக்காலியை ஒரு நூல் நகர்த்தினாலும் வீடியோவில் பூமி அதிர்ந்த மாதிரி தெரியும். லென்ஸ் வளையம் ஒரு மயிரிழை திரும்பினால் நட்சத்திரமெல்லாம் பஞ்சாகிவிடும். இட்லிக் கொப்பரையை மூடின பிறகு மாவில் உப்பு போட முடியுமா? அந்த மாதிரிதான். எல்லாம் முன்னாடியே போட்டிருக்க வேண்டும், வெந்திருக்கிறதா இல்லையா என்பது மூடியைத் திறக்கும்போதுதான் தெரியும்.

முதல் தடவை போனது தை அமாவாசைக்கு. தர்ப்பணம் கொடுக்க வேண்டும் என்றால் ஆபீஸில் லீவு கொடுப்பார்கள், நட்சத்திரம் பார்க்க வேண்டும் என்றால் கொடுக்கமாட்டார்கள், நான் என்ன சொல்லி லீவு வாங்கினேன் என்பதை இங்கே எழுத முடியாது. சேலத்திலிருந்து பைக்கில் ராசிபுரம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதி வைத்திருப்பார்கள். முதுகில் முக்காலியைக் கட்டிக்கொண்டு ஏறுகிறவனுக்கு அந்த எண்கள் ஆறுதலா தண்டனையா என்று இதுவரை முடிவாகவில்லை. மேலே சோளக்காடு, செம்மேடு தாண்டி, நண்பனின் சொந்தக்காரர்கள் வீடு. சுற்றிலும் மிளகுக்கொடி ஏறிய மரங்கள், கொஞ்சம் காப்பிச் செடி, வாசலில் ஒரு பெரிய பலா. இரவில் காட்டுக்குள் போவதெல்லாம் நமக்கு வேண்டாம், அனுமதியும் கிடையாது, புத்திசாலித்தனமும் கிடையாது. ஆனால் அந்த வீட்டு வாசலிலிருந்தே தென்கிழக்கு முழுக்கத் திறந்திருக்கும். கீழே சமவெளி வரைக்கும் பார்வை போகும்.

மலை என்றதும் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் போய்விடுகிறோம் என்று சிலர் நினைக்கிறார்கள். கொல்லிமலையின் மேல்தளம் 1000 முதல் 1300 மீட்டர் உயரம், நட்சத்திரத்தின் தூரத்துக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை. காற்றில் இருக்கும் தூசியும் புகையும் ஈரமும் பெரும்பாலும் அடியில்தான் தேங்குகின்றன, மலையேறினால் அதில் ஒரு பகுதி நமக்குக் கீழே போய்விடுகிறது, ஊர் விளக்குகளும் தள்ளிப் போகின்றன, விஷயம் அவ்வளவுதான்.

அந்தத் தை அமாவாசையில் எனக்குத் தெரிந்த விதி ஒன்றே ஒன்று: நிலா இருக்கக்கூடாது. நிலா இல்லை, இருட்டு அருமையாக இருந்தது, தலைக்கு மேல் திருவாதிரை சிவப்பாக மினுங்கிக்கொண்டு இருந்தது, தெற்கே அகத்தியர் என்கிற கனோபஸ் நட்சத்திரமும் இருந்தது. நான் தேடிய பால்வீதியின் தடித்த நடுப்பகுதி மட்டும் இல்லை. அது விருச்சிகத்தின் வால் நுனிக்கும் தனுசுக்கும் இடையில் இருக்கிறது, சோதிடத்தில் மூலம் என்று சொல்கிறோமே அந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில். தை மாதத்தில் அது எழுந்துவருவது விடியற்காலை நாலு மணி வாக்கில். நான் ராத்திரி ஒரு மணிக்கே மூட்டை கட்டிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டேன். மாதாமாதம் இரண்டு மணி நேரம் முன்னால் வரும் என்பதை அப்புறம் வானத்தைக் காட்டும் ஸ்டெல்லேரியம் செயலியில் தேதியை மாற்றி மாற்றிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மாசி அமாவாசையில் இரண்டு மணி, பங்குனி அமாவாசையில் நள்ளிரவு, சித்திரையில் பத்து மணி. இதைப் போவதற்கு முன் பார்த்திருக்கலாம்தான்.

சரி, திருவாதிரையாவது கிடைக்கட்டும் என்று எடுத்ததும் போயிற்று. இது கேமரா வைத்திருப்பவர்களுக்கு: உள்ளே மெனுவில் 'லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன்' என்று ஒன்று இருக்கும். 20 நொடி படம் எடுத்தால், உடனே ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு 20 நொடி வெறும் இருட்டை எடுத்து, அதை முதல் படத்திலிருந்து கழித்துத் தேவையில்லாத புள்ளிகளை நீக்கும். ஒற்றைப் படத்துக்கு நல்ல விஷயம். டைம்லாப்ஸுக்கு விஷம். என்னுடைய இன்டர்வலோமீட்டர் (ஷட்டரைத் தானாகத் தட்டிக்கொண்டே இருக்கும் கருவி) 23 நொடிக்கு ஒரு தரம் தட்டுகிறது, கேமரா உள்ளே கழித்தல் கணக்கு போட்டுக்கொண்டு இருப்பதால் அதைக் கண்டுகொள்ளவில்லை, அடுத்த தட்டலுக்குத்தான் எழுந்தது. மூன்று மணி நேரத்துக்கு 470 படம் வர வேண்டியது, 235தான் வந்தது. பத்து நொடி கூட இல்லை. அந்தப் பத்து நொடியிலும் நட்சத்திரங்கள் வழுக்கிக்கொண்டு போகாமல் நொண்டி விளையாடின.

மாசி அமாவாசைக்கு இரண்டாவது தடவை. இந்த முறை நாய்ஸ் ரிடக்ஷனை அணைத்துவிட்டேன், நேரமும் தெரியும், நடுராத்திரிக்கு அலாரம் வைத்து எழுந்தேன். வெளியே வந்து பார்த்தால், இதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்க்காத இருட்டு. கீழே சமவெளி முழுக்க மேகம் படுத்திருந்தது. துறையூர் விளக்கும் தெரியவில்லை, அதற்கப்பால் திருச்சி பக்கம் எப்போதும் தெரியும் வெளிச்சமும் இல்லை; எல்லாவற்றையும் மேகம் போர்வை மாதிரி மூடிவிட்டது. மேலே நாங்கள் இருந்த இடம் மட்டும் தெளிவு. இரண்டு மணிக்கு மேல் தென்கிழக்கில் அந்த வெள்ளைத் திட்டு மேலே வர ஆரம்பித்தபோது, முதலில் அதையும் மேகம் என்றுதான் நினைத்தேன்.

கொல்லிமலையில் ஆகாய கங்கை என்று ஒரு அருவி இருக்கிறது, அறப்பளீஸ்வரர் கோவில் பக்கத்தில், ஆயிரத்துக்கு மேல் படி இறங்க வேண்டும். பால்வீதிக்கும் ஆகாய கங்கை என்றுதான் பழைய பெயர். அருவிக்குப் பெயர் வைத்தவர் எதைப் பார்த்து வைத்தாரோ, அன்றைக்கு ராத்திரி அந்த வாசலில் நின்றிருந்தால் நானும் அதையேதான் வைத்திருப்பேன்.

எல்லாம் சரியாக வைத்து, அழுத்திவிட்டு, திண்ணையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். இருபது நிமிடம் கழித்துக் கேமராவின் திரையைப் பார்த்தால் படம் பாலில் முக்கி எடுத்த மாதிரி இருக்கிறது. லென்ஸின் முன் கண்ணாடியில் பனி.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையில் இரவுப் படம் எடுக்கிறவர்களை இதைப் போல எதுவும் அழ வைப்பதில்லை. குளிருக்கு லென்ஸில் பனி படிகிறது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். விஷயம் அதற்கும் மேலே. தெளிவான வானத்தைப் பார்த்தபடி இருக்கும் எந்தப் பொருளும் தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும், திரும்பி வருவது குறைவு, அதனால் அது சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். காற்றில் ஈரமும் இருந்தால் அந்தக் கண்ணாடியில் வந்து படிந்துவிடும். லென்ஸ் ராத்திரி முழுக்க வேறு எதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது? வானத்தைத்தானே. சந்தேகமாக இருந்தால் பைக்கை வெட்டவெளியில் ஒன்று, மரத்தடியில் ஒன்று என்று நிறுத்திப் பாருங்கள். அன்றைக்கு விடிந்ததும் என் பைக் சீட் நனைந்து கிடந்தது, பலா மரத்தடியில் நின்ற அந்த வீட்டுக்காரர் வண்டி பொட்டுத் தண்ணீர் இல்லாமல் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் பத்தடிதான்.

அதாவது வானம் எவ்வளவு தெளிவோ அவ்வளவு பனி. கீழே ஊர் விளக்கையெல்லாம் மேகமாகி மூடிக் கொடுத்த அதே ஈரம்தான் மேலே என் கண்ணாடியிலும் வந்து உட்கார்ந்தது. அதற்காக இதை எங்கே போய்த் திட்டுவது!

துடைத்தேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி பனி. சத்தம் கேட்டு வீட்டுக்கார அக்கா எழுந்து வந்துவிட்டார். என்ன தம்பி ஆச்சு என்றார். கண்ணாடி குளிர்ந்துபோகிறது, சூடாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். உள்ளே போய்ச் சட்டியில் கல்லுப்பை வறுத்து, துணியில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தார். மூட்டு வலிக்கு ஒத்தடம் கொடுப்போமே, அதே முடிச்சு. அதை லென்ஸின் கழுத்தைச் சுற்றிக் கட்டினேன். நம்புங்கள், பனி மறைந்தது. ஒரு மணி நேரம் அந்தக் கண்ணாடி சுத்தமாக இருந்தது. அக்காவுக்கு நோபல் பரிசு கொடுக்கலாம் என்ற மனநிலையில் இருந்தேன்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், உப்பு முடிச்சு கட்டியதற்குப் பிறகு எடுத்த அத்தனை படத்திலும் நட்சத்திரம் எல்லாம் கொழுக்கட்டை. முடிச்சு கட்டும்போது ஃபோகஸ் வளையம் திரும்பியிருக்கிறது. பனி பிடித்த படங்களில் ஃபோகஸ் சரி, பனி இல்லாத படங்களில் ஃபோகஸ் இல்லை. இனி உங்களில் யாராவது உப்பு ஒத்தடத்தை முயற்சி செய்யலாம் என்று நினைத்தால், உப்பு ஈரத்தை இழுக்கும், வளையத்தின் இடுக்கில் போய் உட்காரும், அதைச் சுத்தம் செய்ய எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அக்காவிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை.

மலையேறி வானம் பார்ப்பது என்றாலே எனக்குக் காவலூர் ஞாபகம் வரும். ஜவ்வாது மலையில், சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் வானாய்வகம். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றோடு அங்கே வேலை ஆரம்பித்தது, 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது, அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் தென் வானத்தையும் நிறையப் பார்க்கலாம் என்பது காவலூருக்கு ஒரு பெரிய பலம், அது நமக்கும் இலவசமாகக் கிடைத்திருக்கிறது. ஐரோப்பாவில் எடுத்த வீடியோக்களில் பால்வீதியின் நடுப்பகுதி அடிவானத்தை ஒட்டி ஊர்ந்து போய்விடும். கொல்லிமலையில் அது தெற்கே வரும்போது 50 டிகிரி உயரத்துக்கு ஏறிவிடுகிறது. தென்சிலுவையே இங்கே 19 டிகிரி உயரத்தில் நிற்கும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு, இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, படத்தை ஓட்டிப் பார்த்துத்தான் புரிந்தது. யூடியூபில் பார்க்கும் வெளிநாட்டு டைம்லாப்ஸில் துருவ நட்சத்திரம் உயரத்தில் நிற்க, மற்றதெல்லாம் அதைச் சுற்றி ராட்டினம் சுற்றும். நமக்குத் துருவ நட்சத்திரம் வெறும் 11 டிகிரி உயரத்தில், முக்கால்வாசி நாள் தூசிக்குள் ஒளிந்துகொண்டு இருக்கும். அதனால் நம் ஊரில் கிழக்கே கேமராவை வைத்தால் நட்சத்திரங்கள் சுற்றுவதில்லை, ஏறுகின்றன. கிட்டத்தட்ட செங்குத்தாக, கொஞ்சமே கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்து, பனைமரம் ஏறுகிற மாதிரி. நம் வானத்துக்கான டைம்லாப்ஸ் அது. அவர்கள் மாதிரியே நட்சத்திர வட்டம் வேண்டும் என்று வடக்கே வைத்துவிட்டு அரைவட்டம்தான் வருகிறது என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

ஹான்லே போக வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். லடாக்கில், 4500 மீட்டர் உயரத்தில், 2022 டிசம்பரில் சுமார் 1073 சதுர கிலோமீட்டரை இருள்வானக் காப்பகம் என்று அறிவித்தார்கள். அங்கே வானாய்வகத்தில் பொறியாளராக இருக்கும் தோர்ஜே ஆங்சுக் 2025இல் ஒரு டைம்லாப்ஸ் வெளியிட்டார், பகல் இரவு சேர்த்து ஒரு முழு நாள். அதில் நட்சத்திரங்கள் அசையாமல் நிற்கின்றன, மலையும் தரையும் கட்டடமும் சுற்றுகின்றன. கேமராவை வானத்தோடு சேர்த்துச் சுழலும் கருவியில் வைத்து எடுத்தது. உறையும் குளிரில் பேட்டரி உயிரை விட்டுக்கொண்டு இருக்க, அதை ஒரு முழு நாள் விடாமல் எடுத்திருக்கிறார். நான் கல்லுப்பு முடிச்சோடு திண்டாடியதை எழுதிக்கொண்டு இருக்கும் இதே பதிவில் அவரைப் பற்றி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சரி, பங்குனி.

மூன்றாவது தடவைக்கு ஒரு மாதம் தயாரானேன். லென்ஸைச் சுற்றிக் கட்டும் யுஎஸ்பி ஹீட்டர் பட்டை ஒன்று வாங்கினேன், பவர் பேங்கில் சொருகினால் இளஞ்சூடாக இருக்கும், அவ்வளவுதான் வேண்டும், காற்றைவிட ஓரிரு டிகிரி அதிகமாக இருந்தால் பனி கிட்டே வராது. கேமராவுக்குப் பேட்டரி வடிவத்திலேயே இருக்கும் டம்மி ஒன்று, அதன் வயர் இன்னொரு பவர் பேங்குக்கு. முதலில் ஆன்லைனில் வாங்கிய டம்மி அரை மணி நேரத்தில் அணைந்துபோனது, வீட்டு மொட்டை மாடியில் ஒரு ராத்திரி சோதித்ததால் தப்பித்தேன், வேறொன்று வாங்கினேன். மொட்டை மாடி ஒத்திகையைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பக்கத்து வீட்டு மாமா நான் அவர் வீட்டை வேவு பார்க்கிறேனோ என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

ஃபோகஸ் செய்வது இப்படி. லென்ஸில் முடிவிலிக் குறி போட்டிருப்பார்கள், அதை நம்பக்கூடாது, பாதி லென்ஸில் அது சும்மா அலங்காரம். சுவாதி போல பளிச்சென்ற நட்சத்திரத்தை நடுவில் வைத்து, லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, வளையத்தை மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தால் பெரிய பந்து சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியாகும், அதைத் தாண்டினால் மறுபடி பெருக்கும். அந்தப் புள்ளியில் நிறுத்தி வளையத்தின் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட வேண்டும். ஹீட்டர் பட்டையை அதற்கு முன்பே கட்டியிருக்க வேண்டும். ஆமாம், பட்ட அடிதான் பேசுகிறது.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு மற்றதெல்லாம் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 11 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, 20 நொடி. லென்ஸின் மி.மீ.யை என் கேமராவின் சென்சார் கணக்குக்கு ஒன்றரையால் பெருக்கி, 500ஐ அதனால் வகுத்தால் நட்சத்திரம் கோடாகாமல் எத்தனை நொடி எடுக்கலாம் என்று வரும் என்பார்கள். எனக்கு 30 வருகிறது, ஆனால் 30இல் பெரிதாக்கிப் பார்த்தால் கோடு தெரிகிறது, 20 போதும். ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருக்கக்கூடாது, படத்துக்குப் படம் நிறம் மாறிக் கண் சிமிட்டும்; 3900இல் பூட்டினேன். ஸ்டெபிலைசர் ஆஃப். ரா ஃபைல். முக்காலியின் நடுவில் தண்ணீர் பாட்டில் கட்டித் தொங்கவிட்டால் காற்றுக்கு ஆடாது.

திசைதான் தலைவலி. பால்வீதியின் நடுப்பகுதி எழுந்து வருவது அந்த வாசலிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட துறையூர் இருக்கும் திசையில், சுமார் 30 கிலோமீட்டர் தூரம். இன்னும் கொஞ்சம் தெற்கே, 60 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, திருச்சி. மாசியில் மேகம் மூடியிருந்ததால் இது உறைக்கவில்லை. பங்குனியில் வெட்டவெளிச்சம், அடிவானத்தில் இரண்டு வெள்ளைக் குமிழ். முன்பு தெருவில் சோடியம் விளக்கு இருந்தபோது இந்த வெளிச்சம் ஆரஞ்சாக இருக்கும், அந்த ஒரு நிறத்தை மட்டும் கழிப்பது கொஞ்சம் சுலபம். இப்போது எங்கும் வெள்ளை எல்இடி, அதில் நீலம் அதிகம், நீலம்தான் காற்றில் அதிகம் சிதறும். மின்சாரம் மிச்சமாகிறது என்று இரண்டு பங்கு விளக்கு போட்டுக்கொள்வதையும் பார்க்கிறோம். கொல்லிமலையில் இருள்வானப் பூங்கா அமைப்பதாக அரசு அறிவித்தபோது சந்தோஷப்பட்டேன். மலையை இருட்டாக வைத்திருக்கலாம், சரி, துறையூரை யார் அணைப்பது? தெருவிளக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விளக்குக்கு மேலே ஒரு தொப்பி போட்டு, வெளிச்சத்தைத் தரைக்கு மட்டும் அனுப்பினால் போதும். வானத்துக்கு வெளிச்சம் அடித்து யாருக்கு என்ன லாபம்?

அந்தக் குமிழ்களை ஃப்ரேமுக்கு வெளியே தள்ளிவிடலாமா என்று அரை மணி நேரம் முக்காலியை இப்படியும் அப்படியும் திருப்பினேன். கொஞ்சம் மேலே தூக்கினால் விளக்கு போய்விடும், ஆனால் மலையும் போய்விடும். வெறும் வானம் மட்டும் ஓடும் வீடியோ திரைச்சீலை மாதிரி இருக்கும், எங்கே நின்று பார்க்கிறோம் என்று தெரியாது. கடைசியில் இடது ஓரத்தில் வீட்டின் ஓட்டுக்கூரையும் பின்கட்டு ஜன்னலும், நடுவில் பலா, வலது பக்கம் சரிவு, அதற்குக் கீழே குமிழ்கள் இரண்டும் இருக்கட்டும் என்று வைத்தேன். அக்காவிடம் வாசல் விளக்கை அணைக்கச் சொன்னேன், அவரே முன்னால் அணைத்துவிட்டிருந்தார்.

12 மணி 10 நிமிடத்துக்கு முதல் படம். அப்புறம் நான் கேமராவுக்கு இருபதடி தள்ளித் திண்ணையில். கையை மடியில் கட்டிக்கொண்டு என்றே சொல்லலாம். முதல் ஒரு மணி நேரம் ஷட்டர் சத்தத்தை எண்ணிக்கொண்டு இருந்தேன். சத்தம் கொஞ்சம் தாமதமானால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒன்றரை மணிக்கு மேல் தூக்கம் வந்தது. மூன்று மணி வாக்கில் எங்கோ ஒரு சரக்கு ஆட்டோ திரும்பியதில் அதன் ஹெட்லைட் மரங்களை ஒரு தடவை தடவிவிட்டுப் போனது. எழுந்து ஓடப் போனேன், ஓடி என்ன செய்ய, உட்கார்ந்துகொண்டேன். காட்டுப்பன்றியோ என்னவோ சரிவில் எதையோ கிளறிக்கொண்டு இருந்தது. கேட்டையின் சிவப்பு நன்றாக மேலே வந்துவிட்டிருந்தது, அதன் பின்னால் வால் முழுக்க. இரண்டு செயற்கைக்கோள், இல்லை, மூன்று.

நாலு இருபதுக்குப் பின்கட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது.

எல்லாம் சொன்னேன், வாசல் விளக்கு சொன்னேன், இதைச் சொல்ல மறந்துவிட்டேன். அக்கா எழுந்துவிட்டார். 20 நொடி திறந்திருக்கும் ஷட்டருக்கு ஒரு சின்ன பல்ப் என்பது சூரியன் மாதிரி. ஜன்னல் மஞ்சளாகப் பூத்து, பலா மரத்தின் ஒரு பக்கம் முழுக்கத் தங்கமாகிவிட்டது. உள்ளே போய் அணைக்கச் சொல்லலாம்தான். ஆனால் அவர் காலை வேலையை இருட்டில் செய்யச் சொல்ல எனக்கு என்ன உரிமை, அதுவும் அவர் வீட்டில்? பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் வெல்லம் போட்ட வரக்காபி வந்தது. ஐந்தே காலுக்கு முன்னால் கிழக்கே சாம்பல் நிறம் தெரிய ஆரம்பித்ததும் நிறுத்தினேன்.

பனி ஒரு பொட்டு இல்லை. ஃபோகஸ் ஊசிமுனை. 770 படத்தில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

கேமராவுக்கு அடுத்ததாக மக்கள் கேட்கும் கேள்வி, "இது நிஜமா, எடிட்டா?" என்பது. கொஞ்சம் கோபம் வரும், ஆனால் நியாயமான கேள்வி. அந்த வாசலில் நின்றால் உங்கள் கண்ணுக்கு இந்த நிறங்கள் தெரியாது. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணில் வேலை செய்யும் செல்களுக்கு நிறம் பிரித்துப் பார்க்கத் தெரியாது, அதனால் பால்வீதி சாம்பல் கலந்த வெள்ளையாக, புகை மாதிரி தெரியும். கேமரா 20 நொடி வெளிச்சத்தைச் சேர்த்து வைப்பதால் சிவப்பும் மஞ்சளும் வருகிறது. நான் செய்தது லைட்ரூம் மென்பொருளில் நிறத்தைச் சமன் செய்தது, புள்ளிகளைக் குறைத்தது, கொஞ்சம் அழுத்தம் கூட்டியது, எல்ஆர்டைம்லாப்ஸ் என்ற இன்னொரு மென்பொருளில் படத்துக்குப் படம் இருந்த சின்ன வெளிச்ச மாற்றத்தைச் சரிசெய்தது. வேறொரு நாள் வானத்தை வெட்டி ஒட்டவில்லை. ஹெட்லைட் விழுந்த இரண்டு படத்தை எடுத்துவிடலாம் என்று பார்த்தேன், எடுத்தால் அந்த இடத்தில் வானம் ஒரு குதி குதிக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜன்னலைத்தான் வெட்டுவதாக இருந்தேன். கடைசி ஐந்து நொடி முழுக்க அது எரிகிறது, மேலே பால்வீதி அதன் முழு அழகோடு நிற்கும் நேரத்தில் கண் அங்கேதான் போகிறது. இடது ஓரத்தை நறுக்கிவிட்டால் போயிற்று. நறுக்கி ஒன்று, நறுக்காமல் ஒன்று என்று இரண்டாகத் தயார் செய்து வைத்திருந்தேன். அவசரத்தில் ஸ்டேட்டஸில் போட்டது நறுக்காதது.

சித்திரையில் பலாப்பழத்துக்காக மறுபடி போனபோது அக்காவிடம் ஃபோனில் காட்டினேன். 32 நொடியும் பார்த்தார். முடிந்ததும் என்னையும் ஃபோனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, ராத்திரி பூரா முழிச்சு உட்கார்ந்திருந்தது இவ்வளவுக்குத்தானா?"

ஆமாம் அக்கா, இவ்வளவுதான் என்றேன். இன்னொரு தடவை போடச் சொன்னார். இந்த முறை வானத்தைப் பார்க்கவில்லை, முதலிலிருந்தே இடது ஓரத்தில் கூரையையும் மரத்தையும் பார்த்துக்கொண்டு இருந்தார். ஜன்னல் மஞ்சளானதும் சட்டென்று விரலை வைத்தார், வைத்த வேகத்தில் வீடியோ நின்றுபோனது. அப்படியே ஃபோனை எடுத்துக்கொண்டு, உள்ளே ஈசிச்சேரில் கிடந்த வீட்டுக்காரரிடம் போனார்.

"இங்க பாருங்க, நான் எந்திரிச்சது. நட்சத்திரம் எல்லாம் இருக்கறப்பவே எந்திரிச்சிருக்கேன். நீங்க எங்க இருக்கீங்க இதுல, காட்டுங்க பார்க்கலாம்."